மௌத் ஆர்கனும் மற்றவர் செவியும்

வீணை கற்க விரும்புவோர்க்கு ஆசிரியர் உண்டு. வாய்ப்பாட்டிற்கும் மிருதங்கத்திற்கும், தமிழர் நாலு குடும்பம் வாழும் எந்த வடநாட்டு ஊரிலும், தேடினால் ஒருவர் அகப்படுவார். ஆனால் மௌத் ஆர்கன் என்று நம் வீடுகளில் வழங்கும் ஹார்மோனிகாவுக்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடைப்பது அரிது. விடுமுறைக்கு வந்த மாமா வாங்கித் தந்தார் என்றோ, பிறந்தநாள் பரிசாக வந்தது என்றோ, அது ஒரு சிறுவனின் சட்டைப் பையிலோ ஒரு சிறுமியின் புத்தகப் பையிலோ வந்து குடியேறுகிறது. ஊதிப் பார்க்கின்றனர், இழுத்துப் பார்க்கின்றனர், ஒருநாள் தெரிந்த பாட்டொன்று தற்செயலாகக் கூடிவருகிறது. அன்று முதல் அப்பிள்ளை வாசிக்கத் தெரிந்த பிள்ளையாகிவிடுகிறது. அதற்கு மேல் அந்த வாசிப்பை வளர்ப்பவர் யார் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சொந்த ஊராயின் குறை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தா ஒருவர், "அது என்னடா, பாதியில் பாட்டை விட்டுவிட்டாய்?" என்று கேட்டுவிடுவார். பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மிடையே நிலைமை வேறு. கரக்பூர் போன்றதொரு ரயில்வே நகரில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்வன. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவைத்தான் தட்டவேண்டும். அந்தக் கதவுக்குரியவரின் பிள்ளை வாசிக்கும்போது குறை சொல்ல எவர்க்கு நா எழும்? ஆகவே பொங்கல் விழா மேடையில் யார் எதை வாசித்தாலும் "பேஷ், பேஷ்" என்கிறோம், கை தட்டுகிறோம். அன்பினால் செய்யும் இக்காரியம் அப்பிள்ளைக்கு முழு நன்மையாக முடிகிறதா என்பது சிந்திக்கத் தக்கது.

நாம் வாழும் காலனியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். மூன்று பொங்கல் விழாக்களில் தொடர்ந்து மௌத் ஆர்கன் வாசித்தான். மூன்று முறையும் பலத்த கைதட்டல் பெற்றான். அந்தத் துணிவில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்குச் சென்றான். ஒரு நிமிஷம் ஆகுமுன் மணி அடிக்கப்பட்டது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. வீடு திரும்பியவன் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை என்று அவன் தாயார் வருந்தினார். கை தட்டிய ஐம்பது பேரும் அவனை மெச்சினர். மணி அடித்தவர் அவனைத் தள்ளினார். எந்த இடத்தில் எது பிழை என்ற ஒரு சொல்லை இரு தரப்பாரும் அவனுக்குத் தரவில்லை. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றினும், கற்பவனை நின்ற இடத்திலேயே நிறுத்துவதில் இரண்டும் ஒன்றே.

தன் செவி ஏன் போதாது?

"நாம் வாசிப்பது நமக்கே கேட்கிறதே, பிறர் சொல்ல வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கிறது, ஆனால் பிறருக்குக் கேட்பது போல் கேட்பதில்லை. மௌத் ஆர்கன் உதட்டோடு ஒட்டியிருப்பது. அதன் ஒலி காற்று வழியே செவிக்கு வருவதோடு, பற்கள், தாடை, மண்டையெலும்பு வழியாகவும் உள்ளே வருகிறது. வாத்தியத்தின் பின்புறத் திறப்போ எதிரில் இருப்பவரை நோக்கியது. ஆதலால் வாசிப்பவர் கேட்கும் நாதம் வேறு, எதிரில் இருப்பவர் கேட்கும் நாதம் வேறு. இதன்மேல் மனத்தின் மயக்கமும் சேர்கிறது. பாட்டு நமக்கு முன்பே தெரியுமாதலால், விட்டுப்போன ஸ்வரத்தை மனமே நிரப்பிக்கொள்கிறது. எதிரில் இருப்பவருக்கோ அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது.

நம் ரயில்வேயில் இதற்கு நல்லதோர் உவமை உண்டு. நில்லாமல் கடந்து செல்லும் வண்டியை நிலைய ஊழியர்கள் பகலில் பச்சைக் கொடியோடும் இரவில் பச்சை விளக்கோடும் நின்று பார்த்து, "ஆல் ரைட்" சைகை பரிமாறிக்கொள்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அது வெறும் மரியாதையன்று. எஞ்சினில் இருப்பவர் தம் வண்டியின் நடுவே ஓர் அச்சு சூடேறிப் புகைவதை எளிதில் காண இயலாது. கார்டு என்று நாம் அழைத்துப் பழகியவரும், 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியவருமான பின்வண்டி ஊழியருக்கும் எல்லாம் தெரிவதில்லை. ஓரமாக நின்று பார்ப்பவர்க்கே அது தெரியும். தெரிந்தால் அவர் "வண்டி சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. எஞ்சினிலிருந்து எத்தனையாவது வண்டி, எந்தப் பக்கம், என்ன கோளாறு என்று சொல்வார். பிறர் வாசிப்பைக் கேட்டுக் கருத்துரைப்போர்க்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டியதில்லை.

வாத்தியத்தின் இயல்பு அறிதல்

கேட்பவரும் வாசிப்பவரும் ஒரே மொழியில் பேசுவதற்கு, வாத்தியத்தின் இயல்பைச் சிறிது அறிந்திருத்தல் நலம். பரவலாகக் கிடைக்கும் பத்துத் துளை மௌத் ஆர்கனில் 20 ரீடுகள் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. நான்காம் துளையை ஊதினால் எழுவதை ஸட்ஜமாகக் கொள்வோம். அதே துளையை இழுத்தால் ரிஷபம். ஐந்தில் ஊத காந்தாரம், இழுக்க மத்தியமம். ஆறில் ஊத பஞ்சமம், இழுக்க தைவதம். இதுவரை முதலில் ஊதுவதும் பின்பு இழுப்பதுமாக வந்த முறை ஏழாம் துளையில் தலைகீழாகிறது. அங்கே இழுத்தால்தான் நிஷாதம். ஊதினால் மேல் ஸட்ஜம். இவ்வாறு நான்கு முதல் ஏழு வரை நம் சங்கராபரணத்தின் ஆரோகணம் முழுமையாக அமைந்துவிடுகிறது. தாமே கற்றவர்களில் பலர் இந்த ஏழாம் துளையில்தான் தடுக்கி விழுகின்றனர். மத்தியமமும் நிஷாதமும் இல்லாத மோகனத்தில் இத்தடை தெரியாது. நிஷாதம் வரும் பாட்டில் உடனே வெளிப்படும்.

இன்னொரு மர்ம ஸ்தானம் இரண்டாம் துளை. அதை இழுக்கும்போது ஒலி மங்கி, ஸ்ருதி இறங்கி வருவதாகக் கண்டு, "ரீடு கெட்டுவிட்டது" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு. பெரும்பாலும் கெட்டது ரீடன்று. தொண்டையையும் நாக்கையும் இறுக்கிக்கொண்டு வலிந்து இழுப்பதால் ஸ்வரம் வளைந்து போகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மூன்றாம் துளையை ஊதினாலும், இரண்டாம் துளையை இழுத்தாலும் பிறக்க வேண்டியது ஒரே கீழ்ப் பஞ்சமம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, கண்ணை மூடிக் கேட்கும் ஒருவரை, "இரண்டும் ஒன்றா, வேறா?" என்று கேட்க வேண்டும். சங்கீதம் கல்லாத பாட்டியும் இதற்கு விடை கூறிவிடுவார்.

எவ்வகை வாத்தியம் என்பதையும் கேட்பவருக்கு முன்னரே சொல்லிவிடுதல் முறை. டிரெமலோ என்னும் வகையில் ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் இரண்டு ரீடுகள், சற்றே வேறுபட்ட ஸ்ருதியில் அமைந்திருக்கும்; அதனால் நாதம் அலை அலையாக வரும். அறியாதவர் அதை ஸ்ருதிப் பிழை என்பார். குரோமாட்டிக் என்னும் வகையிலோ பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அரை ஸ்வரங்களும் கிட்டும். பத்துத் துளை வாத்தியத்தில் அவ்வசதி இல்லை. அதில் பிரதி மத்தியமம் கேட்டு ஒரு பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

யாரைக் கேட்பது?

முதல் செவி கைப்பேசி. இன்று ஒலிப்பதிவுக் கருவி இல்லாத வீடில்லை. அதை முகத்தருகே வைத்துக்கொண்டு வாசித்தால் மூச்சுக்காற்று மோதி ஒலி சிதையும். மூன்றடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்து, ஒரு பாட்டை நிறுத்தாமல் பதிவு செய்யவேண்டும். உடனே கேட்பதைவிட மறுநாள் கேட்பது நன்று. வாசித்த சூடு ஆறியபின் அது பிறர் வாசிப்புப் போல ஒலிக்கும். மனம் நிரப்பிவைத்த வெற்றிடங்கள் அப்பொழுது வெளியாகும்.

இரண்டாம் செவி, சங்கீதம் அறியாத வீட்டார். அவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற விடைதான் வரும். கேள்வி பரந்ததாயின் விடையும் பரந்ததாகவே இருக்கும். ஆகவே கேள்வியைச் சுருக்க வேண்டும். "இது என்ன பாட்டு என்று தெரிகிறதா? எந்த அடியில் தெரிந்தது?" என்று கேட்கலாம். "நான் வாசிக்கும்போது தாளம் போடுங்கள், எங்கே தாளம் தட்டுகிறதோ அங்கே கையைத் தூக்குங்கள்" எனலாம். "ஒரு ஸ்வரம் கேட்கிறதா, இரண்டு சேர்ந்து கேட்கிறதா?" எனலாம். சமையலறையிலிருந்தபடியே இவற்றுக்கு விடை கூற அம்மாவால் முடியும்.

மூன்றாம் செவி, வேறு வாத்தியம் பயின்றவர். வீணை வாசிக்கும் மாமி, புல்லாங்குழல் வாசிக்கும் அடுத்த தெருக்காரர், தபலா அறிந்த அலுவலக நண்பர் ஆகியோர் துளையின் கணக்கை அறியார். ஸ்ருதி, காலப்பிரமாணம், எங்கே மூச்சு விடுவது என்பவற்றை நன்கு அறிவர். அவர்களிடம் அவற்றை மட்டும் கேட்க வேண்டும். "கமகம் போதவில்லை" என்று மாமி சொன்னால், அதில் வாத்தியத்தின் எல்லை பாதி உண்டு என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பத்துத் துளை வாத்தியத்தில் முதல் நான்கு துளைகளிலும் ஆறாம் துளையிலும் இழுக்கும்போதும், எட்டு முதல் பத்து வரை ஊதும்போதும் ஸ்வரத்தைச் சிறிது வளைக்கலாம். மற்ற இடங்களில் அது எளிதன்று.

நான்காம் செவி, மௌத் ஆர்கனையே நன்கு பயின்றவர். அவர் நம் தெருவில் இல்லாமற் போகலாம். வேறு மொழியினராகவும் இருக்கலாம். அதனால் தயங்க வேண்டியதில்லை. தொலைவில் உள்ளவருக்கு வாட்ஸ்அப்பில் பதிவை அனுப்புவோர், அரைமணி நேரப் பதிவை அனுப்பி அவரைச் சோதிக்கலாகாது. ஒரு நிமிஷப் பதிவு போதும். அத்துடன் என்ன வாத்தியம், எந்த ஸ்ருதி, எந்த இடத்தில் எது வரவில்லை என்னும் மூன்றையும் எழுதிவிட்டால், அவர் ஐந்து நிமிஷத்தில் பதில் தருவார்.

முன்னர்க் கூறிய மாணவனுக்கு வழி பிறந்ததும் இவ்வாறுதான். மிலன் குப்தா போன்ற மௌத் ஆர்கன் வல்லுநர் வாழ்ந்த கல்கத்தா நமக்குச் சுமார் 115 கிலோமீட்டரே. வங்காளத்தார்க்கு இவ்வாத்தியத்தில் தனிப்பற்று உண்டு. பக்கத்து பிளாக்கில் ஓய்வுபெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; பெரியப்பா முறையில் காலனிக் குழந்தைகள் அவரை "ஜேட்டு" என்பார்கள். இளமையில் மௌத் ஆர்கன் வாசித்தவர். பையனின் தாயார் அவனை அவரிடம் அழைத்துச் சென்றார். அவர் பாட்டு எதுவும் கேட்கவில்லை; நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளைவரை மெதுவாக ஏறி இறங்கச் சொன்னார். இரண்டு முறை கேட்டுவிட்டு, ஏழாம் துளையில் ஒவ்வொரு முறையும் முதலில் ஊதிவிட்டுப் பிறகு இழுக்கிறாய் என்றும், அதனால் நிஷாதத்திற்கு முன் ஒரு வேண்டாத ஸ்வரம் தலைநீட்டுகிறது என்றும், அதைத் தவிர வேறு பெரிய குறை இல்லை என்றும் சொன்னார். மூன்றாண்டுக் கைதட்டல் மறைத்து வைத்திருந்த பிழை அது ஒன்றே. நாளொன்றுக்குப் பத்து நிமிஷம் வீதம் மூன்று வாரம் அந்த ஓர் இடத்தையே பயின்றான். சரஸ்வதி பூஜைப் பந்தலில் அவன் மீண்டும் வாசித்தபோது நாமும் இருந்தோம். கைதட்டல் முன்னைவிடக் கூடுதலாயிற்று என்று சொல்ல மாட்டோம். ஆனால் பாட்டு முடியுமுன்பே பின்வரிசையில் இருவர் தம்மையறியாமல் அதனுடன் சேர்ந்து முணுமுணுத்ததைக் கண்டோம்.

சொல்லும் முறையும் ஏற்கும் முறையும்

குறை சொல்வோர் ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லவேண்டும். "உனக்குத் தாளமே இல்லை" என்பது ஆளைச் சொல்வது. அதைக் கொண்டு எதையும் திருத்த முடியாது. "இரண்டாம் அடியின் முடிவில் அவசரப்படுகிறாய், தம்பி" என்பது இடத்தைச் சொல்வது. அதை அன்று மாலையே திருத்தத் தொடங்கலாம். ஒரே வேளையில் பத்துக் குறைகளை அடுக்குவதும் வேண்டாம். ஒன்றைச் சொல்லி, அது நேரானபின் அடுத்ததைச் சொல்வதே நன்று. பிள்ளையின் குறையைப் பலர் நடுவே கூறாமல் தனியே கூறுதல் பெரியோர் இயல்பு.

ஏற்பவர்க்கும் கடமை உண்டு. கேட்ட மாத்திரத்தில் மறுமொழி கூறுதல் ஆகாது. "இன்று வாத்தியம் சரியில்லை, தொண்டை சரியில்லை" என்று காரணம் அடுக்கினால், அடுத்த முறை எவரும் வாய் திறவார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், பாட்டு, சொன்னவர், சொன்னது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் சொன்னதைப் பதிவு செய்து கேட்டுச் சோதிக்கலாம். ஒருவரையொருவர் கலந்து பேசாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால், அதை ஐயமின்றி ஏற்றுத் திருத்த வேண்டும். ஒரு வாரம் பயின்றபின் அதே மனிதரிடம் அதே பாட்டை வாசித்துக் காட்டுவது மிக முக்கியம். தம் சொல் மதிக்கப்பட்டதைக் கண்டவர் மேலும் உண்மை சொல்லத் துணிவார்.

வாசிப்பைப் பற்றிய குறையும், வாத்தியத்தைப் பற்றிய இகழ்ச்சியும் வெவ்வேறு என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். "இது விளையாட்டுச் சாமான், வயலின் கற்றுக்கொள்" என்பார் உளர். இது புதிதன்று. ரீடு வாத்தியமாகிய ஹார்மோனியத்தையே, நம் சங்கீதத்திற்கு ஒவ்வாதது என்று 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971 வரையில் அத்தடை நீடித்தது. பெல்ஜியத்தில் 1922இல் பிறந்த டூட்ஸ் தீல்மான்ஸ் என்பவரிடம், அந்த விளையாட்டுப் பொருளை எறிந்துவிட்டு உண்மையான வாத்தியம் ஒன்றை எடு என்று சக இசைஞர்களே சொன்னார்களாம். அவர் கிதாரையும் கற்றார். மௌத் ஆர்கனையும் விடவில்லை. 2016இல் மறையும்போது இவ்வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தார். ஆங்கில இசையாசிரியர் வாகன் வில்லியம்ஸ் 1951இல், லாரி ஆட்லர் வாசிப்பதற்கென்றே மௌத் ஆர்கனுக்கு ஓர் உருப்படி இயற்றினார். நம் நாட்டிலோ 1964இல் வந்த "தோஸ்தி" படத்திலும், 1975இல் வந்த "ஷோலே" படத்திலும் ஒலித்த மௌத் ஆர்கனை மறந்தவர் யார்? முன்னதில் வாசித்தவர் ஆர். டி. பர்மன், பின்னதில் வாசித்தவர் பானு குப்தா. வாத்தியம் சிறிது என்போர்க்கு இவர்களே விடை. ஆனால் "உன் இரண்டாம் துளை இறங்குகிறது" என்று ஒருவர் சொன்னால், அதற்கு இப்பெயர்களை விடையாகக் கூறலாகாது. அப்பியாசமே அதற்கு விடை.

முடிவாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மாதக் கூட்டம் தொடங்குமுன் அரைமணி நேரத்தை இளம் வாத்தியக்காரர்களுக்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் மூன்று நிமிஷம் வாசிக்கட்டும். கேட்போர் துண்டுச் சீட்டில், பெயரிடாமல், எந்த இடம் இனித்தது, எந்த இடம் தடுக்கியது என்று இரண்டு வரி எழுதிப் பெட்டியில் இடட்டும். சீட்டுகளை மேடையில் படிக்காமல் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம். பெயரில்லாத சீட்டுக்கு முகதாட்சணியம் இல்லை. நாளை எவர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்ற அச்சமும் இல்லை. இதற்குச் சங்கத்துக்கு ஆகும் செலவு ஒரு குயர் காகிதம். மணி அடிக்கும் அந்நியர் முன் நம் பிள்ளைகள் நிற்பதற்கு முன்னால், அவர்களிடம் அன்புடையோர் வாயிலாகவே உண்மையை அவர்கள் கேட்டிருக்கட்டும்.